கைனேட் ஏற்பியின் துணை அலகுகளை அடையாளம் காண்பது எப்படி: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூளையில் குளூட்டமேட் பட்டதும் திறந்துகொள்ளும் அயனி சேனல்களான ஏற்பிகளில் மூன்று குடும்பங்கள் முக்கியமானவை: ஆம்பா, என்.எம்.டி.ஏ., கைனேட். முதல் இரண்டையும் பாடப்புத்தகத்திலேயே விரிவாகப் படித்திருப்பீர்கள். கைனேட்டுக்கு அங்கே ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். அதன் மின்னோட்டம் சிறியது. பெரும்பாலும் ஆம்பா மின்னோட்டத்துக்குள் மறைந்து கிடப்பது. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய மருந்து 1990களின் நடுவில்தான் கைக்கு வந்தது. ஸ்பெயினில் ஹுவான் லெர்மாவின் குழு 1995இல் ஆம்பாவை மட்டும் அடைத்து, ஹிப்போகாம்பஸ் நியூரான்களில் எஞ்சிய மின்னோட்டம் கைனேட் ஏற்பியுடையது என்று காட்டியது.

இந்த ஏற்பியில் வேலை தொடங்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என் செல்லில் இருப்பது எந்தத் துணை அலகு, அதாவது ஏற்பியைக் கட்டும் எந்தப் புரதம்? எந்த ஒரு மருந்தும், எந்த ஒரு ஆன்டிபாடியும், எந்த ஒரு வரைபடமும் இதற்குத் தனியாகப் பதில் சொல்லாது. ஒவ்வொரு கருவிக்கும் தெரிந்த பொய் ஒன்று உண்டு. அந்தப் பொய் எது என்று முன்கூட்டியே அறிந்து, வேறொரு கருவியால் சரிபார்ப்பதே இந்த வேலையின் சாரம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்திருக்கின்றன.

பெயர்களை முதலில் நேராக்கிக்கொள்ளுங்கள்

துணை அலகுகள் ஐந்து: குளூகே1 முதல் குளூகே5 வரை. அவற்றின் மரபணுக்கள் க்ரிக்1 முதல் க்ரிக்5 வரை. இந்தப் பெயர்கள் 2009 வாக்கில்தான் நிலைத்தன. அதற்கு முந்தைய கட்டுரைகளில் முதல் மூன்றும் குளூஆர்5, குளூஆர்6, குளூஆர்7 என்றும், கடைசி இரண்டும் கே.ஏ.1, கே.ஏ.2 என்றும் இருக்கும். குளூஆர்5 என்று படிக்கும்போது நிதானம் தேவை. ஜி புரதம் வழியாக இயங்கும் எம்.குளூஆர்5 முற்றிலும் வேறு ஏற்பி. ஆன்டிபாடி வாங்கும்போதும் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.) கேட்டு எழுதும்போதும் இந்தக் குழப்பம் இன்றும் நடக்கிறது.

நான்கு துணை அலகுகள் கூடினால்தான் ஒரு ஏற்பி. குளூகே1, 2, 3 மூன்றும் தம் இனத்தோடு மட்டுமே கூடியும் வேலை செய்யும். குளூகே4, குளூகே5 தனியாக வேலை செய்யா. முதல் மூன்றில் ஒன்று துணைக்கு வேண்டும். குளூகே5 தனியாக உருவானால் எண்டோபிளாச வலைக்குள்ளேயே தங்கிவிடும், செல்லின் மேற்பரப்புக்கு வராது. குளூகே2, குளூகே5 சேரும்போது இரண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் சேர்கின்றன. மூளையில் அதிகம் காணப்படும் சேர்க்கைகளில் இது முதன்மையானது.

இருப்பிடமும் ஓரளவு துப்புக் கொடுக்கும். குளூகே2 ஹிப்போகாம்பஸின் சி.ஏ.3 பகுதியிலும் டென்டேட் கைரஸிலும் சிறுமூளையின் கிரானுல் செல்களிலும் மிகுதி. குளூகே4 குறிப்பாக சி.ஏ.3இல் திரண்டிருக்கும். குளூகே1 தடுப்பு இடைநியூரான்களிலும், வலியை ஏந்தும் சிறிய முதுகுவேர் முடிச்சு நியூரான்களிலும் தென்படும். குளூகே5 பரவலானது, ஆகவே அது இருப்பதைக் காட்டுவதால் மட்டும் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது.

படி 1: பிளாஸ்மிட்டை நம்பாதீர்கள், வரிசையைப் படியுங்கள்

குழாயின் மேல் குளூகே2 என்று எழுதியிருப்பது போதாது. மூன்று விவரங்கள் தெரிய வேண்டும்: எந்த உயிரினம், எந்த ஸ்ப்ளைஸ் வடிவம் (ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ. வெவ்வேறாக வெட்டி ஒட்டப்படுவதால் வரும் வடிவம்), கியூ/ஆர் இடத்தில் என்ன எழுத்து.

கியூ/ஆர் இடம் சேனலின் துளையை வரையும் இரண்டாம் சவ்வு வளையத்தில் இருக்கிறது. மரபணு அங்கே குளூட்டமினைத்தான் (கியூ) எழுதியிருக்கிறது. ஏடார்2 என்ற என்சைம் ஆர்.என்.ஏ.வில் ஓர் அடினோசினை இனோசினாக மாற்றிவிட்டால் அது அர்ஜினின் (ஆர்) என்று படிக்கப்படும். குளூகே1, குளூகே2 இரண்டிலும் இந்தத் திருத்தம் உண்டு. குளூகே3, 4, 5இல் இல்லை. குளூகே2இல் இது போக முதல் சவ்வுப் பகுதியில் இன்னும் இரண்டு திருத்த இடங்கள் இருக்கின்றன.

திருத்தம் பெறாத கியூ வடிவத்தில் கால்சியம் கணிசமாக நுழையும். ஒரு சேனலின் கடத்துத்திறன் சில பைக்கோசீமன்ஸ் இருக்கும். திருத்தம் பெற்ற ஆர் வடிவத்தில் கால்சியம் நுழைவது வெகுவாகக் குறையும். கடத்துத்திறன் ஃபெம்டோசீமன்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். குளூகே2(ஆர்) பிளாஸ்மிட்டை மட்டும் போட்டுவிட்டு, மின்னோட்டம் வரவில்லை, புரதமே உருவாகவில்லை என்று முடிவுகட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஏற்பி நிறையவே இருக்கும். ஒவ்வொன்றும் கடத்துவதுதான் சொற்பம். ஆரம்பத்தில் பழகுவதற்கு குளூகே2(கியூ) எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஹெக் 293 செல்களில் வெளிப்படுத்துதல்

ஹெக் 293 என்பது மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த வளர்ப்புச் செல். 35 மில்லிமீட்டர் தட்டுக்கு குளூகே2(கியூ) மட்டும் என்றால் 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ. போதும். கூடவே 0.1 முதல் 0.2 மைக்ரோகிராம் பச்சை ஒளிர் புரத பிளாஸ்மிட். குளூகே5உடன் சேர்ந்த ஏற்பி வேண்டுமானால் குளூகே2 0.5, குளூகே5 1.5 மைக்ரோகிராம் என்று, அதாவது எடையில் 1:3 விகிதத்தில் தொடங்குங்கள். சமமாகப் போட்டால் குளூகே2 மட்டுமே கொண்ட ஏற்பிகளும் கலந்து வரும். குளூகே5 மிகுதியாக இருந்தால் கவலையில்லை. இணை கிடைக்காதது உள்ளேயே தங்கிவிடும். 24 முதல் 48 மணி நேரத்தில் பதிவு செய்யலாம்.

வளர்ப்பு ஊடகத்தில் குளூட்டமின் சிதைந்து குளூட்டமேட் சேரும், செல்களும் கொஞ்சம் வெளியிடும். ஏற்பிகள் அதில் ஊறி மரத்துப்போயிருக்கும், அதாவது குளூட்டமேட் இருந்தும் திறக்காமல் மூடிக் கிடக்கும். பதிவுக் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவி, சில நிமிடம் ஓடவிட்ட பிறகே முதல் அளவை எடுங்கள்.

ஹெக் செல்லில் நீட்டோ1, நீட்டோ2 என்ற துணைப் புரதங்கள் இல்லை, நியூரானில் உண்டு. இவை ஏற்பி மரத்துப்போகும் வேகத்தையும் மூடும் வேகத்தையும் மாற்றுகின்றன. ஹெக் செல்லில் கிடைத்த நேர எண்களை நியூரானில் கிடைத்தவற்றோடு அப்படியே ஒப்பிட்டு, துணை அலகு வேறு என்று சொல்லிவிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமானால் நீட்டோவையும் கூடப் போட்டுப் பாருங்கள்.

படி 3: கரைசல்கள்

வெளிக்கரைசல், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 145, பொட்டாசியம் குளோரைடு 2.8, கால்சியம் குளோரைடு 1.8, மக்னீசியம் குளோரைடு 1, குளூக்கோஸ் 10, ஹெபெஸ் 10, பி.எச். 7.3. உள்கரைசல் (பதிவுப் பைப்பெட்டுக்குள் போவது): சீசியம் ஃபுளூரைடு 110, சீசியம் குளோரைடு 30, சோடியம் குளோரைடு 4, இ.ஜி.டி.ஏ. 5, ஹெபெஸ் 10. சீசியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.3. ஆஸ்மோலாரிட்டி உள்ளே 290 வாக்கில், வெளியே அதைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாக இருக்கட்டும். உள்கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிடுங்கள்.

வெளிக்கரைசலின் சோடியத்தையும் குளோரைடையும் யோசிக்காமல் மாற்றாதீர்கள். கைனேட் ஏற்பி திறப்பதற்கே இவ்விரண்டும் வேண்டும். தூண்டி (குளூட்டமேட் போல ஏற்பியைத் திறக்கவைக்கும் பொருள்) வந்து ஒட்டும் பகுதிகள் இரண்டிரண்டாக ஒட்டிநிற்கும் இடைமுகத்தில் இந்த அயனிகள் அமர்ந்து அதைப் பிடித்து வைக்கின்றன. சோடியத்துக்குப் பதில் சீசியம், குளோரைடுக்குப் பதில் வேறு எதிர்மின் அயனி என்று ஆம்பாவில் பழகிய கையோடு மாற்றினால், மின்னோட்டம் சுருங்கும் அல்லது மறைந்தே போகும். ஊடுருவும் திறன் குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் சேனல் திறக்கவே இல்லை.

குளூட்டமேட்டை எப்போதும் சோடியம் உப்பாக வாங்குங்கள். அமிலமாக இருப்பதை 10 மில்லிமோலார் கரைத்தால் பி.எச்.ஐ நிலைநிறுத்தும் ஹெபெஸால் தாங்க முடியாது, பி.எச். சரிந்துவிடும். ஹைட்ரஜன் அயனிகள் குளூகே2ஐத் தடுப்பவை. எனவே செறிவு கூடக்கூட மின்னோட்டம் குறையும் விசித்திர வரைபடம் கிடைக்கும். எந்த வடிவமானாலும் கரைத்த பிறகு பி.எச்.ஐ மறுபடி அளங்கள்.

கைனிக் அமிலம் 1953இல் ஜப்பானில் டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அந்தப் பாசி அங்கே குடற்புழுவுக்கு மருந்தாக இருந்தது. ஆய்வகத்தில் அது நரம்பு நச்சு. கையுறை, முகக்கவசம் அணிந்தே நிறுங்கள். நீரற்ற வடிவத்தின் மூலக்கூறு எடை 213.23. 10 மில்லிகிராமை 4.69 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். நீர் சேர்ந்த மோனோஹைட்ரேட் என்றால் எடை 231.25, அப்போது 4.32 மில்லிலிட்டர். புட்டியின் மேல் எது என்று பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள். கரைய மறுத்தால் சம மோல் அளவு சோடியம் ஹைட்ராக்சைடு உதவும். சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

படி 4: தூண்டியை வேகமாகக் கொடுப்பது

இந்தத் துறையில் வீணாகும் மாதங்களில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. குளூகே2 ஏற்பி குளூட்டமேட்டில் சுமார் 5 மில்லிவினாடி நேர மாறிலியோடு மரத்துப்போகிறது. தட்டுக்குள் கரைசலை மெல்ல ஓடவிட்டால், செறிவு உயர்ந்து முடிவதற்குள் ஏற்பிகளில் பெரும்பாலானவை திறந்து, மூடி, மரத்துப்போயிருக்கும். திரையில் ஒன்றும் தெரியாது, அல்லது உச்சம் இல்லாத ஒரு சிறு மேடு தெரியும்.

இரண்டு அறை கொண்ட தீட்டா கண்ணாடிக் குழாயை பீசோ நகர்த்தியில் (மின்னழுத்தம் பட்டதும் மிக வேகமாக நகரும் கருவி) பொருத்துங்கள். ஓர் அறையில் வெறும் கரைசல், மற்றதில் தூண்டி. அவுட்சைட்-அவுட் பேட்ச் (வெளிப்பக்கம் வெளியே தெரியும்படி பைப்பெட் முனையில் எடுத்த சவ்வுத் துண்டு) எடுத்தால் கரைசல் மாற்றம் 10இலிருந்து 90 சதவீதத்துக்கு அரை மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும். இதை ஊகிக்காமல் அளக்கலாம்: பதிவு முடிந்ததும் பேட்ச்சை ஊதி வெளியேற்றிவிட்டு, அதே இடத்தில் அதே பைப்பெட்டின் திறந்த முனைமீது, ஒரு பக்கம் நீர்த்த கரைசலை வைத்து மாற்றிப் பாருங்கள். அந்த மின்னோட்டம் ஏறும் வேகமே உங்கள் உண்மையான வேகம். முழுச் செல்லை அடியிலிருந்து தூக்கிக் குழாயின் முன் பிடித்தாலும் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. தட்டில் ஒட்டியபடியே இருக்கும் செல்லில் இதை முயலாதீர்கள்.

மைனஸ் 60 மில்லிவோல்ட்டில் வைத்து, 10 மில்லிமோலார் குளூட்டமேட்டை 100 மில்லிவினாடி கொடுத்தால் மரத்துப்போகும் வேகம் தெரியும். 1 மில்லிவினாடி கொடுத்தால் மூடும் வேகம் தெரியும். மரத்துப்போன குளூகே2 மீண்டு வரச் சில வினாடிகள் ஆகும். ஆகவே இரண்டு தூண்டல்களுக்கு இடையே 15 முதல் 20 வினாடி விடுங்கள். அவசரப்பட்டு 2 வினாடிக்கு ஒருமுறை கொடுத்தால் உச்சம் படிப்படியாகக் குறையும், ரன்-டவுன் (நேரம் போகப்போக மின்னோட்டம் தானாகத் தேய்வது) என்று தவறாகப் பதிவேட்டில் ஏறும். குளூகே3க்கு இந்தச் செறிவு போதாது. அதற்குக் குளூட்டமேட் பிடிப்பு மிகக் குறைவு. 30 மில்லிமோலார் வரை ஏற்ற வேண்டும், அதற்கேற்ப வெறும் கரைசலின் ஆஸ்மோலாரிட்டியையும் சமன்செய்ய வேண்டும்.

குளூகே5 உண்மையில் சேர்ந்ததா என்பதை ஆம்பா என்ற தூண்டி மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். குளூகே2 தனி ஏற்பி ஆம்பாவுக்குத் திறக்காது. குளூகே2/குளூகே5 கூட்டு ஏற்பி சில நூறு மைக்ரோமோலாரில் சிறிதளவு திறக்கும். குளூட்டமேட்டை விலக்கிய பின் மூடும் வேகம் கூட்டு ஏற்பியில் மெதுவாக இருப்பதும் துணைச் சான்று.

படி 5: வேக அமைப்பு இல்லையென்றால்

கான்கனவாலின் ஏ என்ற தாவரப் புரதம் கைனேட் ஏற்பி மரத்துப்போவதை வெகுவாகத் தடுக்கும். 0.3 மில்லிகிராம்/மில்லிலிட்டர் அளவில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்தால் மெதுவான ஓட்டத்திலும் மின்னோட்டம் தெரியும். இது சர்க்கரைகளைப் பிடிக்கும் புரதம், ஆகவே ஊறவைக்கும் கரைசலில் குளூக்கோஸ் சேர்க்காதீர்கள். தூண்டி இல்லாத நேரத்தில் கொடுங்கள். ஏற்கெனவே மரத்துப்போன ஏற்பியில் அவ்வளவாக வேலை செய்யாது. பதிவு நேரத்துக்குள் கழுவி எடுக்க முடியாது, எனவே ஒரு தட்டு ஒரு தடவைக்கு மட்டும்.

இதன் எதிர்ப்பக்கம் சைக்ளோதயசைடு. அது ஆம்பா ஏற்பியில்தான் மரத்துப்போவதைத் தடுக்கும், கைனேட்டில் இல்லை. இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் வைத்துப் பார்த்தால் எந்தக் குடும்பம் என்பது தெரிந்துவிடும். எந்தத் துணை அலகு என்பது தெரியாது.

படி 6: மூளைச் சீவலில் கைனேட் சினாப்ஸைப் பிரிப்பது

பழகுவதற்கு ஏற்ற இடம் சி.ஏ.3இல் மாஸி ஃபைபர் (டென்டேட் கைரஸின் கிரானுல் செல்களிலிருந்து வரும் நார்) சினாப்ஸ். 14 முதல் 21 நாள் வயதுச் சுண்டெலியின் ஹிப்போகாம்பஸ், 300 மைக்ரோமீட்டர் சீவல், 95 சதவீத ஆக்சிஜன் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, 30 டிகிரி வாக்கில். செல்லை மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் வைத்து, டென்டேட் கைரஸின் கிரானுல் செல் அடுக்கில் தூண்டல் கம்பியை வையுங்கள். தடுப்பு மின்னோட்டத்தை அடைக்கும் பிக்ரோடாக்சின் 100 மைக்ரோமோலார், என்.எம்.டி.ஏ.வை அடைக்கும் டி-ஏ.பி.5 50 மைக்ரோமோலார் முதலிலேயே கரைசலில் இருக்கட்டும்.

தூண்டியது மாஸி ஃபைபர்தானா என்பதை உறுதிசெய்யாமல் ஒரு அடி நகராதீர்கள். 20 வினாடிக்கு ஒருமுறை தூண்டுவதை வினாடிக்கு ஒருமுறையாக்கினால் மாஸி ஃபைபர் மின்னோட்டம் பல மடங்கு பெருகும். சி.ஏ.3 செல்கள் தமக்குள் இணையும் நார்களில் இந்தப் பெருக்கம் இருக்காது, அங்கே சினாப்ஸ் வழிக் கைனேட் மின்னோட்டமும் கிடைக்காது. பதிவின் இறுதியில் டி.சி.ஜி.-4 என்ற மருந்தை 1 மைக்ரோமோலார் கொடுத்தால் மாஸி ஃபைபர் மின்னோட்டத்தின் பெரும்பகுதி விழும்.

பிறகு ஆம்பாவை அடைக்க ஜி.ஒய்.கே.ஐ. 53655, 50 மைக்ரோமோலார். இதன் செயல்படும் வடிவமான எல்.ஒய். 303070 இருந்தால் 25 போதும். என்.பி.க்யூ.எக்ஸ். என்ற தடுப்பி இங்கே உதவாது, ஆம்பாவை அடைக்கும் செறிவிலேயே கைனேட்டையும் தொட்டுவிடும். அடைப்பு முழுமையா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது: சி.ஏ.3 இணைப்பு நார்களைத் தூண்டிப் பாருங்கள். அங்கே மின்னோட்டம் சுழியாக வேண்டும். அங்கே மிச்சம் இருந்தால், மாஸி ஃபைபரில் நீங்கள் கைனேட் என்று நினைப்பதிலும் ஆம்பா கலந்திருக்கிறது.

எஞ்சுவது சிறியது, தொடக்க மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வாக்கில். ஏறுவதும் இறங்குவதும் நிதானம். ஒற்றைத் தூண்டலில் தெரியாவிட்டால் மூன்று நான்கு துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுங்கள். கடைசியில் என்.பி.க்யூ.எக்ஸ். 50 மைக்ரோமோலார் ஊற்றினால் அதுவும் மறைய வேண்டும்.

கைனேட்டை நேரடியாகத் தெளித்து மின்னோட்டம் பார்த்து, கைனேட் ஏற்பி இருக்கிறது என்று எழுதாதீர்கள். செறிவு கூடினால் கைனேட் ஆம்பா ஏற்பியையும் திறக்கும். அங்கே மரத்துப்போகாத பெரிய மின்னோட்டத்தையே தரும். பல ஆண்டுகள் நியூரான்களில் கைனேட் மின்னோட்டம் என்று எண்ணப்பட்டதில் பெரும்பங்கு ஆம்பா ஏற்பியுடையது.

படி 7: மருந்துகள் சொல்வதும் மறைப்பதும்

ஏ.டி.பி.ஏ. குளூகே1இன் தூண்டி என்று விற்கப்படுகிறது. குறைந்த செறிவில் அது சரி; செறிவு ஏறினால் குளூகே2/குளூகே5 கூட்டையும் திறக்கும். யு.பி.பி. 310 குளூகே1 தடுப்பி என்று பெயர் பெற்றது. அது குளூகே3ஐயும் தடுக்கும், குளூகே2/குளூகே5 கூட்டில் குளூகே5 பக்கமும் கட்டும். குளூகே2 மட்டுமே கொண்ட ஏற்பியை விட்டுவிடும். மாஸி ஃபைபர் மின்னோட்டத்தை யு.பி.பி. 310 அடைத்தால், அங்கே குளூகே1 இருக்கிறது என்று பொருளல்ல. ஜி.ஒய்.கே.ஐ. 53655கூட உயர்ந்த செறிவில் குளூகே3ஐ ஓரளவு தடுக்கிறது.

திருத்தம் பெற்றதா என்பதை மின்னழுத்தம்-மின்னோட்ட வரைபடத்திலிருந்து ஊகிப்பதிலும் இதே சிக்கல். கியூ வடிவத்தைச் செல்லுக்குள் இருக்கும் ஸ்பெர்மின் என்ற நேர்மின் மூலக்கூறு அடைப்பதால் நேர்மின் பக்கம் மின்னோட்டம் குறையும். ஆர் வடிவத்தில் கோடு நேராகச் செல்லும். பதிவின்போது ஸ்பெர்மின் பைப்பெட்டுக்குள் கரைந்து வெளியேறிவிடும், ஆகவே உள்கரைசலில் 50 முதல் 100 மைக்ரோமோலார் சேருங்கள். சேர்த்த பிறகும் கவனம் வேண்டும்: குளூகே5 சேர்ந்தாலும், நீட்டோ சேர்ந்தாலும் இந்த அடைப்பு தளரும். கோடு நேரானதற்குக் காரணம் திருத்தமாகவே இருக்க வேண்டியதில்லை.

சான்றுகளில் வலுவானது நாக்-அவுட் சுண்டெலி, அதாவது ஒரு மரபணு நீக்கப்பட்ட சுண்டெலி. குளூகே2 இல்லாத சுண்டெலிகளில் மாஸி ஃபைபர் கைனேட் மின்னோட்டம் இல்லை, கைனேட்டால் வரும் வலிப்புக்கும் அவை எளிதில் ஆளாவதில்லை. 1998இல் வெளியான முடிவு இது. குளூகே4, குளூகே5 இரண்டையும் ஒருசேர நீக்கினாலும் அந்த மின்னோட்டம் போய்விடுகிறது, குளூகே2 அங்கே இருந்தும்கூட.

படி 8: ஆர்.என்.ஏ.வும் புரதமும்

திருத்த விகிதத்தை நேரடியாக அளக்க, ஆர்.என்.ஏ. எடுத்து, டி.என்.ஏஸ் கொண்டு சுத்தம் செய்து, சி.டி.என்.ஏ. (ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகல்) ஆக்கி, கியூ/ஆர் இடத்தைச் சுற்றிப் பெருக்கி வரிசை படியுங்கள். அந்த இடத்தில் ஏ, ஜி இரண்டு சிகரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். இனோசின் ஜி என்று படிக்கப்படுவதால் ஜி சிகரத்தின் பங்கே திருத்தத்தின் பங்கு. வளர்ந்த மூளையில் குளூகே2 பெரும்பாலும் திருத்தம் பெற்றது, சுமார் 80 சதவீதம், கருவில் குறைவு. உங்கள் எண் இதைவிடக் கணிசமாகக் கீழே இருந்தால் முதலில் மரபணு டி.என்.ஏ. கலப்பைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் அதில் எப்போதும் ஏ மட்டுமே இருக்கும். ஒரு இன்ட்ரானைத் தாண்டும்படி பிரைமர்களை அமைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் முறை) மாதிரியைக் கொதிக்க வைக்காதீர்கள். சவ்வுப் புரதம் திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் போதும். குளூகே2 பட்டை 100 கிலோடால்ட்டனை ஒட்டியோ சற்று மேலேயோ வரும். பரவலாகப் பயன்படும் குளூகே2 ஆன்டிபாடிகள் சில குளூகே3ஐயும் பிடிக்கும், வால் பகுதியின் வரிசை ஒத்திருப்பதால். நாக்-அவுட் திசுவில் பட்டை மறைவதைக் காட்டாத ஆன்டிபாடியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் எதிரே உயிரினம், ஸ்ப்ளைஸ் வடிவம், கியூவா ஆரா, நீட்டோ சேர்த்ததா, வெப்பநிலை, கரைசல் மாற்ற வேகம் ஆறையும் எழுதுங்கள். முடிவை எழுதும்போது, மருந்துகள் மட்டும் கையில் இருந்தால் ஆம்பா அல்லாத, கைனேட் ஏற்பி வகை மின்னோட்டம் என்று எழுதுங்கள். நாக்-அவுட்டும் ஒத்துவந்த பிறகு குளூகே2 கொண்ட ஏற்பி என்று எழுதலாம்.